கண்டிக்கிறீங்களா, இல்லையா?

நேற்று இரவு அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே ஒரு விவாத நிகழ்ச்சி பார்த்தேன். சேனல் பெயரும் கட்சிப் பெயரும் வேண்டாம், எல்லா இடத்திலும் நடப்பதுதான். தலைப்பு, குடிநீர்த் தட்டுப்பாடு. பத்து நிமிடம் போயிருக்கும். நெறியாளர் மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். முகப்புப் படத்தில் கட்சிக் கொடி வைத்திருக்கும் யாரோ ஒருவர், எதிர்க்கட்சிப் பெண் ஒருவரைப் பற்றி அசிங்கமாக எழுதியிருக்கிறாராம். "இதைக் கண்டிக்கிறீங்களா, இல்லையா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"அவர் யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார் செய்தித் தொடர்பாளர்.

"அப்ப கண்டிக்க மாட்டீங்க?"

"கண்டிக்கிறேங்க, ஆனா..."

அந்த 'ஆனா'வில் விளம்பர இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்தபோது கீழே ஓடிய பட்டையில் 'கண்டிக்கத் தயக்கம்' என்று இருந்தது. குடிநீர் அதற்கப்புறம் வரவே இல்லை. அப்பா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

ஆதரவாளர் பேசியதற்குத் தலைவரிடம் கேள்வியே கேட்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் கேட்கலாம். ஆனால் பேசியவரை மேடை ஏற்றியது யார், பொறுப்பு கொடுத்தது யார், அவர் பேச்சால் ஆதாயம் அடைவது யார் என்று பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். கொடி படம் வைத்திருக்கும் ஃபேக் ஐடிக்கும் கட்சி சம்பளம் வாங்கும் பேச்சாளருக்கும் ஒரே கேள்வி என்றால், அது முதலாமவர் விஷயத்தில் அநியாயம், இரண்டாமவர் விஷயத்தில் சலுகை.

எனக்கு இதில் மறக்க முடியாத காட்சி அமெரிக்காவில் நடந்தது. 2008 பிப்ரவரி 26, கிளீவ்லாந்து. ஒபாமாவும் ஹிலரி கிளிண்டனும் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்கு மோதிக்கொண்டிருந்த நேரம். லூயிஸ் ஃபராகான் என்ற கறுப்பின முஸ்லிம் மதத்தலைவர் ஒபாமாவைப் பாராட்டிப் பேசியிருந்தார். யூதர்களைப் பற்றி மோசமாகப் பேசியவர் என்று பெயர் எடுத்தவர் அவர். விவாதத்தை நடத்திய டிம் ரஸ்ஸர்ட், அவருடைய ஆதரவை ஏற்கிறீர்களா என்று கேட்டார். அந்த யூத வெறுப்பை ஏற்கெனவே கண்டித்திருக்கிறேன், இந்த ஆதரவை நான் கேட்டு வாங்கவில்லை என்றார் ஒபாமா. ரஸ்ஸர்ட் விடவில்லை, நிராகரிக்கிறீர்களா என்றார். என்னை நல்ல ஆள் என்று ஒருவர் நினைப்பதை நான் எப்படித் தடுப்பது என்று ஒபாமா கேட்டதும் அரங்கத்தில் சிரிப்பு. அந்த நேரம் பார்த்து ஹிலரி நுழைந்தார்: கண்டிப்பது வேறு, நிராகரிப்பது வேறு. கடைசியில் ஒபாமா, எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, சரி, நிராகரிக்கவும் செய்கிறேன், கண்டிக்கவும் செய்கிறேன் என்று முடித்தார். ஒரு நாட்டின் அதிபர் பதவிக்குப் போட்டியிடுபவர் மேடையில் நின்று அகராதி பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே, ஜான் ஹேகி என்ற டெக்சாஸ் பாதிரியார், எதிர்த்தரப்பில் குடியரசுக் கட்சி சார்பில் அதிபர் போட்டியில் இருந்த ஜான் மெக்கெய்னுக்கு ஆதரவு தெரிவித்தார். கத்தோலிக்கர்களைப் பற்றி அவர் பேசியவை ஏற்கெனவே சர்ச்சையானவை. அது தானாக வந்த ஆதரவு இல்லை, மெக்கெய்ன் தேடிப் போய் வாங்கியது. அவரிடமும் கேட்டார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஹிட்லர் பற்றிய ஹேகியின் பழைய பிரசங்கம் ஒன்று வெளிவந்து, மெக்கெய்ன் அந்த ஆதரவைக் கைகழுவியது மே 22ஆம் தேதி. கேட்காமல் வந்ததை உதற ஒரே ராத்திரி, கேட்டு வாங்கியதை உதற கிட்டத்தட்ட மூன்று மாதம்.

ஒபாமாவை ஃபராகானோடு கட்டிய கயிறு எது? இருவரும் கறுப்பர்கள் என்பதுதான். நம் ஊரிலும் இதே கதை. எங்கோ குண்டு வெடித்தால் இங்கே ஸ்டுடியோவில் இருக்கும் முஸ்லிம் கட்சிக்காரர் முதல் ஆளாகக் கண்டித்தாக வேண்டும். பக்கத்து நாற்காலிக்காரரிடம் அதைக் கேட்க மாட்டார்கள். அவர் கண்டிப்பார் என்று முன்கூட்டியே நம்பிவிடுகிறார்கள்போல.

சரி, அரசியல்வாதிகள் மட்டும் யோக்கியமா? 'அது அவருடைய தனிப்பட்ட கருத்து' என்பதை மனப்பாடம் செய்யாத கட்சி உண்டா? ஆதரவாளரை விடுங்கள், 2018இல் பெரியார் சிலை பற்றித் தன் சொந்தப் பக்கத்தில் வந்த பதிவையே அட்மின் போட்டது என்றார் பாஜகவின் எச். ராஜா.

அதனால்தான் சொல்கிறேன், 'கண்டிக்கிறீங்களா' என்பது மிகச் சுலபமான கேள்வி. கண்டிக்கக் காசா பணமா? 2023 ஜனவரியில் ஆளுநரைப் பற்றிப் பேசியதற்காகத் தன் மேடைப் பேச்சாளர் சிவாஜி கிருஷ்ணமூர்த்தியை திமுக தற்காலிகமாக நீக்கியது. கண்டிப்பு, நடவடிக்கை எல்லாம் ஆயிற்று. சில மாதங்களில் சத்தமில்லாமல் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஜூன் மாதம் அதே ஆள் மேடை ஏறி குஷ்புவைப் பற்றி அருவருப்பாகப் பேசினார். அப்புறம்தான் நிரந்தர நீக்கம், கைது எல்லாம். நெறியாளர்கள் தாளைத் தூக்கிக் காட்ட வேண்டிய நாள் ஜூன் மாதத்து நாள் இல்லை, அவரைத் திரும்பச் சேர்த்த நாள். அன்றைக்கு அதை யாரும் பிரேக்கிங் போட்டதாக எனக்கு நினைவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு, 2022 அக்டோபரில், இன்னொரு திமுக பேச்சாளர் அப்போது பாஜகவில் இருந்த நடிகைகளைக் கேவலமாகப் பேசியபோது, குஷ்பு ட்விட்டரில் கனிமொழியை நேரடியாகக் கேட்டார். கனிமொழி பதிலிலேயே மன்னிப்புக் கேட்டார். நடுவில் நெறியாளரும் இல்லை, 'ஒரே வார்த்தையில' என்ற மிரட்டலும் இல்லை.

அந்தச் செய்தித் தொடர்பாளர் இடத்தில் எனக்குப் பிடிக்காத கட்சிக்காரர் இருந்திருந்தால் நானும் ரசித்திருப்பேனோ என்னவோ. இன்றைக்கு எட்டு மணிக்கு அப்பா ரிமோட்டை எடுத்துப் பழைய பாட்டு ஓடும் சேனலுக்கு மாற்றிவிட்டார். எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வந்து நாலு நாள் ஆகிறது.