அருவருப்பா? நான் பார்த்தது வேறு
இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், உச்சியில் பெரிய உலோக வெட்டுக்கிளி உட்கார்ந்திருக்கும் கார்ப்பஸ் கடிகாரத்தைப் பார்ப்பவர்கள் அருவருத்து விலகுகிறார்கள் என்கிறது இந்தக் கட்டுரை. நான் தூறலில் அரைமணி நேரம் அதன் முன்னால் நின்றிருக்கிறேன். கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பொடியனை அவன் அம்மாவால் இழுத்துப் போகவே முடியவில்லை. வெட்டுக்கிளி கண் சிமிட்டும்போதெல்லாம் துள்ளினான். மேலே கருத்து எழுதிய ஒருவர், சரியான நேரம் காட்டாத கடிகாரம் எதற்கு என்று கேட்டிருக்கிறார். அது பழுதில்லைங்க, வேண்டுமென்றே செய்தது. ஊசல் தயங்கி நிற்கும், நீல விளக்குகள் பின்தங்கிவிட்டு ஓடிப் பிடிக்கும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் துல்லியம். அந்தப் பூச்சியும் வெறும் அலங்காரமில்லை. 18ஆம் நூற்றாண்டில் கடிகாரக் கலைஞர் ஜான் ஹாரிசன் தன் கடிகாரங்களுக்குள்ளே வைத்த, சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் ‘வெட்டுக்கிளி’ பொறியமைப்பை, 2008இல் திறக்கப்பட்ட இந்தக் கடிகாரத்தை உருவாக்கிய ஜான் டெய்லர் பெரிதாக்கி மேலே உட்கார வைத்தார், அவ்வளவுதான். மணி அடிக்கும் நேரத்தில் மணியோசைக்குப் பதில், பின்னால் மறைத்து வைத்த சவப்பெட்டிக்குள் சங்கிலி விழும் சத்தம். அப்போது மட்டும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது.