கமராவை விட மின்கலம்
புதிய கைபேசிகளில் ஆண்டுதோறும் மக்கள் எதிர்பார்ப்பது கூர்மையான கமராவையும் வேகமான செயலியையும் (புராசசர்) தான் என்று இக்கட்டுரையாளர் எழுதியிருப்பது, விளம்பரங்களை மட்டும் பார்த்து எடுத்த முடிவாகவே தோன்றுகிறது. 2022 மார்ச் இறுதியில் இலங்கையில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை நீண்டபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் எவரும் கமராவைப் பற்றிப் பேசவில்லை. யாருடைய கைபேசியில் இன்னும் சார்ஜ் இருக்கிறது என்பதே கேள்வியாக இருந்தது. அதே ஆண்டு கியூஆர் குறியீட்டைக் காட்டி எரிபொருள் பெறும் பங்கீட்டு முறை வந்தபோது, வரிசையில் நிற்கையில் கைபேசி அணைந்துவிடும் என்று அஞ்சிய என் தந்தையார், குறியீட்டைத் தாளில் அச்சிட்டே கொண்டுபோனார். பவர் பேங்க் ஒன்று வாங்கினால் போதுமே என்று மேலே கருத்திட்ட ஒரு வாசகர் கேட்கிறார். அது அன்றைய தேவைக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் லித்தியம் அயன் மின்கலம் சார்ஜ் ஏற்ற ஏற்றத் தன் கொள்ளளவை இழந்துகொண்டே வருவதும், பின்மூடி பசையால் ஒட்டப்பட்டிருப்பதால் அதை மாற்றக் கடைக்காரரிடம் போக வேண்டியிருப்பதும் பவர் பேங்கால் தீர்வதில்லை. 2000ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா 3310இன் மூடியை நகத்தாலேயே கழற்றினோம். கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயனரே மாற்றக்கூடியவாறு அமைக்க வேண்டும் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி, சில விலக்குகளுடன், 2027 பெப்ரவரியில் நடைமுறைக்கு வருகிறது. அத்தகைய கைபேசி கொழும்பு புறக்கோட்டைக் கடைகளுக்கும் வருமானால், கமரா சுமாராக இருந்தாலும் நான் அதையே வாங்குவேன்.