முதல் பனி என்ன சொல்லாமல் கொள்ளாமலா வருகிறது?

ஒவ்வோர் ஆண்டும் இதே கூத்துதான். நவம்பரில் இரண்டு சென்டிமீட்டர் பனி விழுந்தால் போதும், "இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யார் கண்டது?" என்று ஆளாளுக்கு வாயைப் பிளக்கிறார்கள். யார் காணவில்லை? வானிலை அறிக்கை நாலைந்து நாட்களாகத் தொண்டை வற்றக் கத்தியதே! சென்ற ஆண்டும் வந்தது, அதற்கு முந்தைய ஆண்டும் வந்தது. குளிர் நாட்டில் பனி பெய்வது அப்படியென்ன அதிசயம்?

என் கோபம் பனியின் மேல் இல்லை. ஜனவரியில் முழங்கால் அளவு கொட்டினால் எல்லோரும் அடக்க ஒடுக்கமாக வண்டி ஓட்டுகிறார்கள், வாசலைச் சுத்தம் செய்கிறார்கள். அலட்சியமெல்லாம் இந்த முதல் பனியிடம்தான். அமெரிக்காவின் 1975 முதல் 2000 வரையிலான சாலை விபத்துகளை அலசி 2005-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. உயிரிழப்பு என்று பார்த்தால், ஆண்டின் முதல் பனி நாள் மற்றப் பனி நாட்களைவிட மிகவும் ஆபத்தானது, அதிலும் வயதான ஓட்டுநர்களுக்கு என்று அது சொல்கிறது. இதற்கு ஆய்வே தேவையில்லை. அன்று காலை ஏதாவது ஒரு நாற்சந்தியில் பத்து நிமிடம் நின்றால் தெரிந்துவிடும்.

முன்கண்ணாடியில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் சுரண்டிவிட்டு, அதன் வழியே எட்டிப் பார்த்தபடி ஒரு மகானுபாவர் வண்டி ஓட்டி வருவார். பக்கக் கண்ணாடி வெள்ளை, பின்கண்ணாடி வெள்ளை. கூரை மேல் ஒரு மெத்தை கனத்துக்குப் பனி. பிரேக்கை அழுத்தியதும் அது மொத்தமாகச் சரிந்து அந்த வட்டத்தையும் மூடிவிடும். டயரைப் பார்த்தால் கோடைக்கால டயர். வெப்பநிலை ஏழு டிகிரிக்குக் கீழே போனாலே அந்த ரப்பர் இறுகிச் சாலையைப் பிடிக்காது என்பதை டயர் கடைக்காரர்கள் ஆண்டுதோறும் சொல்கிறார்கள். "பனி விழட்டும், குளிர்கால டயருக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்பார். விழுந்த பிறகு டயர் கடையில் நிற்கும் வரிசையைத்தான் பார்க்கிறோமே! பாலத்தில் மேலும் கீழும் குளிர்காற்று அடிப்பதால் சாலைக்கு முன்பே அது உறைந்துவிடும். இவரோ அங்கேதான் முந்திச் செல்வார்.

சரி, வண்டிக்காரர்களை விடுங்கள். நடப்பவர்களின் கதி இன்னும் மோசம். பருவத்தின் தொடக்கத்தில் தரையில் கொஞ்சம் சூடு மிச்சம் இருக்கும். பகலில் பனி உருகும், இரவில் அதே தண்ணீர் உறையும். விடிந்து பார்த்தால் நடைபாதை வெறுமனே நனைந்திருப்பது போலத்தான் தெரியும். காலை வைத்தால்தான் அது பிளாக் ஐஸ், அதாவது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிக்கட்டி என்று புரியும். அதற்குள் ஆள் தரையில் கிடப்பார்.

எங்கள் கட்டடத்தின் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் சரியாக வாசற்படிக்குப் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. நாள் முழுக்கச் சொட்டும் தண்ணீர் படியின் குறுக்கே ஓடி இரவில் கண்ணாடித் தகடாகிவிடும். குழாயின் வாயைக் கொஞ்சம் திருப்பிவிட்டால் தீர்ந்தது. கோடையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம். பனிக்கட்டியை உருக்கத் தூவும் உப்பு மூட்டையும் இருக்கிறது, கதவுக்கு உள்ளே, தையல்கூடப் பிரிக்காமல், அழகாகச் சுவரில் சாய்ந்தபடி. உறைகுளிர் மைனஸ் பத்தைத் தாண்டினால் சாதாரண உப்பும் பெரிதாக வேலை செய்யாது, மணல்தான் தூவ வேண்டும். அதெல்லாம் உப்பு போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம்!

மூன்றாம் மாடியில் இருக்கும் ஓர் அம்மா அந்தப் படியில்தான் விழுந்தார். விழும்போது யாரும் கையைத்தான் ஊன்றுவார்கள். அவருக்கு மணிக்கட்டு முறிந்தது. அன்று மாலை கட்டட நிர்வாகி கேட்ட முதல் கேள்வி, "என்ன செருப்பு போட்டிருந்தார்கள்?" வயிறு எரியாதா? "ஐயா, அவர் பூட்ஸ்தான் போட்டிருந்தார், படியில்தான் உப்பு இல்லை" என்றேன். "இயற்கை செய்வதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்றார். குழாயை வாசற்படிப் பக்கம் திருப்பி வைத்தது இயற்கையா?

மாநகராட்சியும் இதற்குச் சளைத்ததல்ல. சாலையைச் சுத்தம் செய்கிறேன் என்று பனியை ஓரமாகத் தள்ளிப் பஸ் நிறுத்தத்தின் முன்னால் மதிலாக எழுப்பிவிட்டுப் போகிறது. கைத்தடியோடு வருபவர் அதன் மேல் ஏறிக் குதித்துத்தான் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று, யாராவது விழுந்துவிட்டால் வரும் சுறுசுறுப்பு இருக்கிறதே! ஆம்புலன்ஸ் தெருமுனை திரும்புவதற்குள் படி முழுக்க உப்பு. மறுநாள், "நாங்கள் எப்போதும் போடுவோமே" என்று சாதிப்பார்கள். ஆகவே விழுந்தவரைத் தூக்கி உட்கார வைத்த கையோடு அந்த இடத்தைப் படம் எடுங்கள். படியை, குழாயை, பிரிக்காத மூட்டையை, எல்லாவற்றையும். எழுத்து மூலம் புகார் கொடுப்பதையும் தள்ளிப்போடாதீர்கள். கனடாவின் ஒன்ராறியோவில் மாநகராட்சி நடைபாதையில் விழுந்தால் பத்தே நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், தனியார் இடமென்றால் அறுபது நாட்கள். மற்ற ஊர்களில் கெடு வேறாக இருக்கலாம். கட்டு அவிழும் வரை காத்திருக்காமல் விசாரித்துவிடுங்கள். அந்த அம்மாவின் புகாரை நான்தான் எழுதிக் கொடுத்தேன், படங்களோடு. இப்போது நிர்வாகி என்னைப் பார்த்தால் வணக்கம்கூடச் சொல்வதில்லை. சொல்ல வேண்டாம், குழாயைத் திருப்பட்டும்.