ஆடாதோடையைச் சோதித்தீர்களா என்று கேட்டது குற்றமா?

ஞாயிற்றுக்கிழமை மலேசியாவின் பிறையில், ஒரு மண்டபத்தில், ஆஸ்துமாவுக்கு ஆடாதோடைச் சாறு என்று ஒருவர் பேசி விற்றார். அவரிடம் நான் கேட்டது ஒரே கேள்வி: "ஐயா, இந்த ஆடாதோடைச் சாற்றை ஆஸ்துமா உள்ளவர்களுக்குக் கொடுத்துச் சோதித்தீர்களா?" அதற்கு, "நீ வெள்ளைக்காரன் மருந்துக்கு ஏஜெண்டா?" என்றார். மண்டபமே கைதட்டியது. இரண்டு நாளாகத் தூக்கம் வரவில்லை.

சோதிப்பது மூலிகையை அவமதிப்பது இல்லை. ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை ஆராய்ந்துதான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினார்கள். 1965-இல் ரோஜர் ஆல்டூன்யன் என்ற ஆஸ்துமாக்கார மருத்துவர், எகிப்து மூலிகை ஒன்றின் கெல்லின் என்ற பொருளை அடியொற்றிச் செய்த மருந்துகளைத் தன் மேலேயே சோதித்தார், வேண்டுமென்றே இழுப்பை வரவழைத்து. இதுவா அவமதிப்பு?

"சாறு குடித்து எனக்குக் குணமானதே" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் ஆஸ்துமா தானாகவே ஏறும், இறங்கும். முற்றும்போது மருந்தைத் தேடுகிறோம், தணியும்போது பெயர் மருந்துக்குப் போகிறது. அதனால்தான் பாதிப் பேருக்கு மருந்தையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மருந்தையும் கொடுத்து ஒப்பிடுகிறார்கள். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் நஞ்சறுப்பான் என்ற மூலிகையின் இலையை இந்தியாவில் அப்படிச் சோதித்தபோது சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது, 1979-இல் வந்த ஒன்றில் வித்தியாசமே இல்லை. சோதிக்காமல் இது எப்படித் தெரியும்?

மருந்துக் கம்பெனிகள் கொள்ளையடிக்கின்றன என்பீர்கள். சரி, அது வேறு சண்டை. பாட்டிலில் மால் எண் இருக்கிறதே என்பீர்கள். அது மலேசியாவில் விற்க அரசிடம் பதிவு செய்த எண்தான், நோயைக் குணமாக்கும் என்பதற்குச் சான்று இல்லை. ஆஸ்துமாவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை மலேசியாவின் 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டமே தடுக்கிறது.

என் தங்கை ஐந்தாம் ஆண்டு படித்தபோது அம்மா ஒருவரிடம் சூரணம் வாங்கினார். மூன்றே நாளில் இழுப்பு நின்றது. இன்ஹேலர் அலமாரிக்குப் போனது. தங்கையின் முகம் உருண்டு திரண்டது. "பிள்ளை சதை போட்டிருக்கு" என்று அம்மா ஊரெல்லாம் சொன்னார். சூரணம் தீர்ந்த வாரம், நள்ளிரவில் உதடு நீலம் பாரித்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆறு நாள் ஐசியூ. சூரணத்தில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்றார் டாக்டர். அம்மா இன்றுவரை அந்தப் பேச்சை எடுக்க விடுவதில்லை. அவரா பிள்ளைக்குக் கெடுதல் நினைத்தார்? நம்பினார், அவ்வளவுதான். என்னைத் தமிழ் மருத்துவத்தின் எதிரி என்கிறீர்களே, அந்த வீட்டில்தான் நான் வளர்ந்தேன். எனக்குச் சளி பிடித்தால் இன்றும் தூதுவளை ரசம்தான்.

மண்டபத்தில் ஓர் அக்கா மகனுக்காக இரண்டு பாட்டில் வாங்கினார். பையனுக்கு ஏழெட்டு வயதிருக்கும், தோள் ஏறி இறங்க மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். "அக்கா, சாறு கொடுத்தாலும் இன்ஹேலரை நிறுத்திடாதீங்க" என்று சொல்லப் போனேன். கைதட்டியவர்களில் அவரும் ஒருவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இன்றைக்கே ஒரு போன் போட்டு அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.