லெகால் பொறி எப்போதும் பலிக்காது

லெகால் பொறி என்பது சதுரங்கத்தில் ராணியைப் பலி கொடுத்து மேட் (ராஜா தப்ப வழியில்லாத நிலை) வைக்கும் தந்திரம். வெள்ளையாக ஆடும்போது ஜி4 கட்டத்தில் எதிரியின் பிஷப் நின்றால் ராணியை விட்டுவிட்டு இ5 சிப்பாயைக் குதிரையால் வெட்டலாம், எப்படியும் மேட்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நம்ம வேலூர், காட்பாடி பிள்ளைகள் போட்டிக்கு முன் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

பொறி உண்மைதான். ஆனால் கறுப்புக் குதிரை சி6-ல் இருந்தால் எதிரி உங்கள் ராணியைத் தொடவே மாட்டார். அந்தக் குதிரையால் உங்கள் குதிரையை வெட்டுவார். அதே குதிரை ஜி4 பிஷப்பையும் காக்கும். ஒரு சிப்பாய்க்கு ஒரு குதிரை போச்சு!

பலகையில் வைத்தே பார்க்கலாம்: இ4 இ5, குதிரை எஃப்3 டி6, பிஷப் சி4 பிஷப் ஜி4, குதிரை சி3 குதிரை சி6. இப்போது இ5-ஐ வெட்டி, லிசெஸ் (சதுரங்க இணையதளம்) இன்ஜினைக் கேளுங்கள். அப்புறம் கடைசி நகர்த்தலில் சி6 குதிரைக்குப் பதில் ஜி6 சிப்பாயை வைத்துப் பாருங்கள்; அங்கே ராணியை எடுத்தவருக்கு இரண்டே நகர்த்தலில் மேட்.