பெடரஸ் வண்டு கடிப்பதில்லை
'பெடரஸ் வண்டு கடித்தால் தோல் வெந்துவிடும், வயலில் கண்டதும் மருந்து அடியுங்கள்' என்று ஒரு கட்டுரையில் படித்தது வருத்தமாக இருக்கிறது. இந்த வண்டு மனிதரைக் கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. நாம் நசுக்கும்போது அதன் உடலில் இருக்கும் பெடரின் என்ற நஞ்சு தோலில் பட்டுத்தான் கொப்புளம் வருகிறது, அதுவும் பெரும்பாலும் ஒரு நாள் கழித்து. அந்த நஞ்சைத் தயாரிப்பதே பெண் வண்டுக்குள் வாழும் பாக்டீரியா என்பது எனக்கு இன்னும் வியப்புதான். எங்கள் நெல் வயலில், ஆரஞ்சும் கருப்புமான உடலும் நீலப்பச்சையாக மின்னும் குட்டைச் சிறகுமாக, தூர்களில் இது விறுவிறுவென்று ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். தேடுவது நெல்லைக் கெடுக்கும் பூச்சிகளான புகையானையும் இலைச்சுருட்டுப் புழுவையும். கண்டபடி மருந்து அடித்தால் இதுவும் சிலந்திகளும் சேர்ந்து சாகும், அப்புறம் புகையானைப் பிடித்துத் தின்ன ஆளிருக்காது. இந்த வண்டு வீட்டுக்குள் ஏன் வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார்: இரவில் டியூப்லைட் வெளிச்சம்தான் அதை இழுக்கிறது. ஜன்னலுக்கு வலை அடியுங்கள். கழுத்தில் உட்கார்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளுங்கள். நசுங்கிவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையைக் கண்ணில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.