குரங்கு, வாழைப்பழம், தேயிலைச் செடி

போன வாரம் லயத்துக்குப் பின்னால் அம்மாயி போட்டிருந்த போஞ்சிப் பாத்தியைச் செங்குரங்குக் கூட்டம் ஒன்று காலி செய்துவிட்டுப் போனது. அவர் கம்பை எடுத்துக்கொண்டு ஓட, தம்பி ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "அடிக்காதீங்க அம்மாயி, நமக்கும் குரங்குக்கும் டி.என்.ஏ. 98 சதவீதம் ஒண்ணுதானாம். வாழைப்பழத்துக்கே 60 சதவீதமாம்" என்கிறான்.

இந்தச் சதவீதப் பதிவுகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பொய் என்று சொல்லவில்லை. வெவ்வேறு தராசில் நிறுத்ததை ஒரே பட்டியலில் போட்டுவிடுகிறார்கள், அதுதான் பிரச்சினை.

98 என்பது சிம்பன்சிக்கு. 2005 இல் அதன் டி.என்.ஏ.வை வாசித்து நம்முடையதன் பக்கத்தில் வைத்தார்கள். டி.என்.ஏ.யில் வரிசையாகக் கோத்திருக்கும் வேதித் துணுக்குகளைத்தான் எழுத்து என்கிறார்கள்; எழுத்துக்கு எழுத்து பொருத்திப் பார்க்க முடிந்த இடங்களில் வித்தியாசம் சுமார் 1.2 சதவீதம்தான். ஆனால் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போன துண்டுகளையும் சேர்த்து எண்ணினால் ஒற்றுமை 96க்கு இறங்கிவிடும். அதே இரண்டு உயிர்கள், இரண்டு விடை! அப்புறம், போஞ்சி தின்றது சிம்பன்சி இல்லையே. செங்குரங்கின் பேரினத்தைச் சேர்ந்த ரீசஸ் குரங்குக்கு இந்த எண் 93 அளவில்தான் வருகிறது.

வாழைப்பழக் கணக்கே வேறு. அங்கே எழுத்துகளை ஒப்பிடவில்லை. நம் மரபணுக்களில் எத்தனைக்கு வாழையில் சொந்தக்கார மரபணு இருக்கிறது என்று எண்ணினார்கள். சொந்தம் உண்டா என்று கேட்பதும் முகஜாடை எவ்வளவு என்று கேட்பதும் ஒன்றா? அந்தச் சொந்தக்கார மரபணுக்கள் உண்டாக்கும் புரதங்களை ஒப்பிட்டால் ஒற்றுமை சராசரியாக 40 சதவீதம்தான். அதுவே பெரிய விஷயம். சீனியை உடைத்துச் சக்தி எடுப்பது, கலம் பிரிவது, டி.என்.ஏ.வைப் பிரதி எடுப்பது எல்லாம் வாழைக்கும் வேண்டும், நமக்கும் வேண்டும். அந்தப் பழைய கருவிகளை யாரும் புதிதாகச் செய்துகொள்ளவில்லை.

இன்னொன்று, அளவு. நம் டி.என்.ஏ.யில் சுமார் 300 கோடி எழுத்துகள். 2017 இல் தேயிலையுடையதை வாசித்தபோது அதுவும் ஏறக்குறைய 300 கோடி! புரதம் உண்டாக்கும் மரபணுக்கள் நமக்கு 20,000 அளவில், தேயிலைக்கு 30,000க்கும் மேல்.

இதை அம்மாயியிடம் சொன்னேன். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "அதான பாத்தேன், நூத்தம்பது வருசமா நம்மள வேல வாங்குதுன்னா சும்மாவா" என்றார்.